100 மணி ஜபமாலை: இமயத்தின் உளவு வழியில் ஒரு பயணம்

ஜபமாலையில் எத்தனை மணிகள் என்று வீட்டில் இருக்கும் பாட்டியைக் கேளுங்கள். யோசிக்காமல் 108 என்பார். திபெத்திய பௌத்தர்களின் மாலையிலும் அதே 108தான். ஆனால் 1865-ல் நேபாளம் வழியாகத் திபெத்துக்குள் நுழைய முயன்ற ஒரு யாத்திரிகரின் மாலையில் 100 மணிகள்தான் இருந்தன. எல்லைக் காவலர்கள் மூட்டையைச் சோதித்தார்கள். எதுவும் சிக்கவில்லை. மாலையை எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அவர் தலை தப்பியிருக்காது.

அவர் பெயர் நைன் சிங் ராவத். ஆட்டு ரோமமும் உப்பும் விற்கும் வியாபாரக் குடும்பத்தில் 1830-ல் பிறந்தவர். பள்ளிக்கூட வாத்தியார். பிரிட்டிஷ் இந்திய சர்வே துறையின் உளவாளி. அவருடைய ஊர் மிலம், இன்றைய உத்தராகண்டில் திபெத் எல்லையை ஒட்டிய ஜோஹார் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கின் வாசல்படி முன்சியாரி என்ற மலையூர். சென்ற இலையுதிர் காலத்தில் நாங்கள் போனது அங்கேதான்.

ஆலங்குளத்திலிருந்து ஐந்து அடுப்பு வரை

எங்கள் ஊர் ஆலங்குளம். அரசு சிமென்ட் ஆலையை வைத்துத்தான் வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊரைத் தெரியும். மலை பார்க்க ஆசைப்பட்டால் ராஜபாளையம் பக்கம் போவோம். மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே சுவர் வைத்ததுபோல் நிற்கும். "இதையே மலைன்னு சொல்லிட்டு இருக்கோம். சாகறதுக்குள்ள இமயமலையைப் பாக்கணும்ப்பா" என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார் சித்தப்பா. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கிலி, அளவுக்கல், புலப்படம் என்று வாழ்நாளைக் கழித்தவர். நைன் சிங் கதையைச் சொன்னதும் அன்றைக்கே பெட்டி கட்டிவிட்டார்.

ராஜபாளையத்தில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி சென்னை, அங்கிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து இரவு ரயிலில் காத்கோதாம். ரயில் பாதை அங்கே முடிகிறது. மீதி சுமார் 280 கிலோமீட்டர் மலைப்பாதை. அல்மோரா, தல் எல்லாம் தாண்டி, பிர்தி அருவிக்கு மேலே சாலை கொண்டைஊசி கொண்டைஊசியாக ஏறுகிறது. உச்சியில் காலாமுனி என்ற இடத்தில் ஒரு காளி கோயில். வேண்டுதலுக்குக் கட்டிய மணிகள் வரிசையாகத் தொங்குகின்றன. அந்த வளைவைத் தாண்டியதும் எதிரே பஞ்சசூலி.

ஐந்து பனிச் சிகரங்கள். 'சூலி' என்றால் அடுப்பு. சொர்க்கத்துக்குக் கிளம்பிய பாண்டவர்களுக்குத் திரௌபதி கடைசியாகச் சமைத்துப் போட்ட ஐந்து அடுப்புகள் இவை என்பது இங்கே வழங்கும் கதை. மாலை வெயில் பட்டதும் பனி சிவந்து, அடுப்பில் தணல் கிடப்பதுபோலவே இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை ஆளுக்கொரு விள்ளல் எடுத்துக்கொண்டு வாய் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ரோமத்தால் வாழ்ந்த ஊர்

பஞ்சசூலிக்கு இடது பக்கம், கோரி கங்கை ஆறு அறுத்துக்கொண்டு வரும் ஆழமான பிளவுதான் ஜோஹார் பள்ளத்தாக்கு. இங்கே வாழும் மக்களுக்குச் சௌக்கா என்று பெயர். போட்டியா என்றும் சொல்வார்கள். விவசாயத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாத உயரம். அதனால் வியாபாரத்தை நம்பினார்கள்.

கோடையில் பனி உருகியதும் ஆடுகளின் முதுகில் சின்னச் சின்னப் பைகளைக் கட்டி, தானியம், வெல்லம், துணி ஏற்றிக்கொண்டு திபெத்துக்குப் போவார்கள். உண்டா துரா முதலான கணவாய்கள் ஒவ்வொன்றும் 5,000 மீட்டருக்கும் மேலே. திரும்பும்போது அதே பைகளில் உப்பும் வெங்காரமும் இருக்கும். தங்கத்தைப் பற்றவைக்க நம் ஊர் ஆசாரிமார் வைத்திருப்பார்களே, அதே வெங்காரம்தான். ஒரு காலத்தில் அது திபெத்து ஏரிக்கரைகளிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும்விட முக்கியமான சரக்கு ஆட்டு ரோமம்.

இந்த வியாபாரம் நம்பிக்கையில் ஓடியது. ஒவ்வொரு ஜோஹார் குடும்பத்துக்கும் திபெத்தில் ஒரு நிரந்தரப் பங்காளி உண்டு. அவருக்கு 'மித்ர', அதாவது நண்பர் என்று பெயர். அப்பாவின் நண்பர் மகனுக்கும் நண்பர். வெளியாருக்குக் கதவைச் சாத்திய திபெத், இவர்களுக்கு மட்டும் திறந்து வைத்திருந்தது.

கதவு யாருக்குத் திறக்கிறதோ அவர்கள் மீதுதான் உளவுத் துறையின் கண் விழும். இது இமயத்தில் மட்டும் நடந்ததல்ல. வட அமெரிக்காவின் பனிக்காடுகளிலும் விலங்குத்தோல் வியாபாரிகள்தான் முதல் வழிகாட்டிகள். பீட்டர் பாண்ட் என்ற தோல் வியாபாரி இரண்டு கொலைகளில் பெயர் அடிபட்டு, அவமானத்தோடு அந்தத் தொழிலை விட்டே விலக நேர்ந்தது. ஆனால் கனடாவின் வடமேற்கைப் பற்றி அவர் வரைந்த வரைபடத்தை 1785-ல் ஒருபக்கம் அமெரிக்கக் காங்கிரஸுக்கும், இன்னொருபக்கம் பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கும் கொடுத்திருந்தார். சரக்கை விடப் பாதைக்கு விலை அதிகம் என்பது வியாபாரிக்குத் தெரியும்.

சாமியார் வேடத்தில் ஒரு குதிரை டாக்டர்

ஜோஹார்க்காரர்கள் சம்பந்தப்பட்ட முதல் உளவுக் கதை 1812-ல் தொடங்குகிறது. வில்லியம் மூர்கிராஃப்ட் என்பவர் இங்கிலாந்துக் கால்நடை மருத்துவர். பீகாரின் பூசாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப் பண்ணையைப் பார்த்துக்கொண்டவர். கம்பெனிக்கு நல்ல சாதிக் குதிரை வேண்டும். அவருக்கோ இன்னொரு ஆசையும் இருந்தது: பஷ்மினா.

திபெத்தின் கடுங்குளிரில் ஆட்டின் மேல்முடிக்குக் கீழே வளரும் மெல்லிய ரோமம்தான் 'பஷ்ம்'. காஷ்மீர் சால்வை அதில்தான் நெய்யப்படும். ஐரோப்பியச் சீமாட்டிகள் அந்தச் சால்வைக்குப் பைத்தியமாக இருந்த காலம் அது. ஆனால் அந்த ரோமத்தை லடாக், காஷ்மீர் வியாபாரிகளுக்குத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்று திபெத்தில் கட்டுப்பாடு.

மூர்கிராஃப்ட் காவி கட்டினார். ஹியர்சே என்ற படைவீரரும் உடன் கிளம்பினார். இருவரும் 'மாயாபுரி', 'ஹர்கிரி' என்று பெயர் வைத்துக்கொண்டு, யாத்திரை போகும் கோசாயி சாமியார்களாக நீத்தி கணவாய் வழியாகத் திபெத்துக்குள் நுழைந்தார்கள். கூட வந்த ஹர்க் தேவ் பண்டிட் என்பவருக்கு ஒரே வேலை. வழி நெடுகக் காலடியை எண்ணி அளக்க வேண்டும்.

வேடம் அதிக நாள் நிற்கவில்லை. தாபா என்ற ஊரில் அதிகாரிகள் சந்தேகப்பட்டு நிறுத்தினார்கள். அப்போது கைகொடுத்தவர்கள் அங்கே வியாபாரத்துக்கு வந்திருந்த ஜோஹாரின் ராவத் குடும்பத்தினர். அவர்கள் பேச்சை நம்பித் திபெத்தியர்கள் விட்டார்கள். மூர்கிராஃப்ட் மானசரோவர் வரை போய், சால்வை ஆடுகளை ஓட்டிக்கொண்டு திரும்பினார். வழியில், அப்போது குமாவுனை ஆண்ட கூர்க்காக்கள் பிடித்துக் காவலில் வைத்துப் பிறகுதான் விடுவித்தார்கள்.

மேலதிகாரிகள் மகிழவில்லை. 'குதிரை வாங்கப் போனவர் ஆட்டு ரோமத்தோடு வருகிறாரே' என்று எரிச்சல். 1819-ல் மறுபடி கிளம்பினார், இம்முறை புகாராவை நோக்கி. லடாக்கில் இரண்டு ஆண்டு தங்கி, யாரையும் கேட்காமல் கம்பெனி பெயரில் வணிக ஒப்பந்தம் போட்டார். கம்பெனி அந்த ஒப்பந்தத்தை ஏற்க மறுத்துக் கைகழுவியது. சம்பளத்தையும் நிறுத்தியது. பெயர் கெட்டு, ஆதரவற்று, 1825-ல் இன்றைய ஆப்கானிஸ்தானின் அந்த்கோயில் காய்ச்சலில் இறந்தார். இருபது ஆண்டு கழித்து லாசாவுக்குப் போன பிரெஞ்சுப் பாதிரியார் ஹூக்கிடம், 'மூர்கிராஃப்ட் காஷ்மீரி வேடத்தில் இங்கே 12 வருஷம் வாழ்ந்தார்' என்று ஊரார் கதை சொன்னார்களாம். உளவாளி செத்தாலும் சந்தேகம் சாகாது போலிருக்கிறது.

பரங்கிமலையில் போட்ட பிள்ளையார் சுழி

அடுத்த கட்டத்துக்கு நம் ஊர்த் தொடர்பு உண்டு. சித்தப்பாவுக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் அளவுச் சங்கிலியைத் தரையில் விரித்தார். இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கும் மாபெரும் சர்வே அங்கே தொடங்கியது. அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை மலைக்கும் கோபுரத்துக்கும் தூக்கிப் போனார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து, அது மோதிச் சேதமான கதை சர்வேயர்கள் நடுவே பிரபலம்.

தமிழ்நாட்டில் புறப்பட்ட அந்த அளவுக்கோல் அரை நூற்றாண்டில் இமயத்தின் காலடிக்கு வந்து நின்றது. எவரெஸ்டின் உயரத்தைக்கூடத் தூரத்திலிருந்தே கணக்குப் போட்டாயிற்று. ஆனால் மலைக்கு அந்தப் பக்கம்? வரைபடத்தில் வெறும் வெள்ளைத் தாள். லாசா எந்த அட்சரேகையில் இருக்கிறது என்பதுகூட உறுதியாகத் தெரியாது. ரஷ்யாவும் பிரிட்டனும் மத்திய ஆசியாவில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த காலம். அந்த வெள்ளைத் தாள் பிரிட்டிஷ்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்தது.

வெள்ளைக்காரர் போனால் உயிர் மிஞ்சாது. அடால்ஃப் ஷ்லாகின்ட்வைட் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1857-ல் காஷ்கரில் தலை வெட்டப்பட்டார். அதற்குச் சில காலம் முன்புதான் இளைஞர் நைன் சிங் அவர்களுடைய குழுவில் வேலை பார்த்து, மானசரோவர், லடாக் எல்லாம் போய் வந்திருந்தார்.

கேப்டன் மாண்ட்கோமரி என்ற சர்வே அதிகாரி வேறு வழி யோசித்தார். 'எல்லைக்கு அந்தப் பக்கம் தடையில்லாமல் போய் வருகிற உள்ளூர் ஆட்களுக்கே சர்வே கற்றுக்கொடுத்தால் என்ன?' 1863-ல் மிலம் பள்ளியில் வாத்தியாராக இருந்த நைன் சிங்கையும், அவர் உறவினர் மணி சிங்கையும் டேராடூனுக்கு வரவழைத்தார்கள்.

காலே அளவுகோல்

இரண்டு ஆண்டுப் பயிற்சி. முதல் பாடம், நடக்கக் கற்றுக்கொள்வது. ஏற்றமோ இறக்கமோ, சேறோ பனியோ, ஒவ்வொரு காலடியும் ஒரே நீளம். முப்பத்தொன்றரை அங்குலம், அதாவது 80 சென்டிமீட்டர். 2,000 காலடி வைத்தால் ஒரு மைல்.

இப்போது மாலைக்கு வருவோம். 100 காலடி நடந்ததும் ஒரு மணியைத் தள்ள வேண்டும். 100 மணி தள்ளி முடித்தால் 10,000 காலடி. அது ஐந்து மைல், அதாவது எட்டு கிலோமீட்டர். 108 மணி இருந்தால் கணக்கு உதைக்கும். எட்டு மணியைக் கழற்றியது அதனால்தான். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஏறக்குறைய ஒன்றரை மாலை தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று நம் சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசி தானாகவே காலடியை எண்ணுகிறது. நைன் சிங் அதை விரலாலும் மனசாலும் செய்தார்.

கையில் சுழற்றும் பிரார்த்தனை உருளைக்குள் வழக்கமாக மந்திரம் எழுதிய காகிதம் சுருட்டியிருக்கும். இவருடைய உருளைக்குள் வெற்றுக் காகிதமும் குறிப்புகளும். யாராவது நெருங்கி வந்தால் உருளையைச் சுற்றி மந்திரத்தை முணுமுணுப்பார். ஜெபம் செய்பவரை இடையில் நிறுத்துவது அங்கே மரியாதை இல்லை. ஊன்றுகோலுக்குள் வெப்பமானி. சோழிக்குள் பாதரசம் ஊற்றி மெழுகால் அடைத்தது. இரவில் அதைக் கிண்ணத்தில் கொட்டினால் அசையாத கண்ணாடிபோல் நிற்கும். அதில் நட்சத்திரம் பார்த்து அட்சரேகை கணிக்கலாம். பெட்டியின் ரகசிய அறையில் செக்ஸ்டன்ட் கருவி.

வெப்பமானி எதற்கு? மலையேற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கொதிக்கும் சூட்டை அளந்தால் உயரம் தெரிந்துவிடும். முன்சியாரியில் நாங்கள் தங்கிய வீட்டில், பருப்பு வேக நேரமாகும் என்று குக்கரில் கூடுதல் விசில் விட்டார் வீட்டுக்கார அம்மாள். சமையலறையில் அவருக்குத் தெரிந்த அதே சூத்திரத்தை வைத்துத்தான் நைன் சிங் லாசாவின் உயரத்தைச் சுமார் 11,700 அடி என்று கணித்தார். இன்றைய கணக்கு ஏறக்குறைய 12,000 அடி. டீ போடுவதுபோல் வெந்நீர் வைத்து எடுத்த அளவு அது!

உயிரைப் பணயம் வைத்து எழுதிய கைச்சாத்து

1865 மார்ச்சில் இருவரும் காத்மாண்டு போய்ச் சேர்ந்தார்கள். குதிரை வாங்கப் போகும் வியாபாரிகள், அப்படியே யாத்திரையும் செய்வோம் என்று எல்லையில் சொன்னார்கள். காவலர்கள் விடவில்லை. அதோடு, கீரோங் நகர ஆளுநர் மணி சிங்கை ஏற்கெனவே அறிந்தவர் என்று தெரியவந்ததும் இருவரும் பின்வாங்கினார்கள். மணி சிங் வேறு வழியே மேற்குத் திபெத் பக்கம் போனார். நைன் சிங் விடவில்லை. லாசாவுக்கு அழைத்துப் போகிறேன் என்று சொன்ன ஒரு வியாபாரியிடம் பணம் கொடுத்து ஏமாந்தார். தலைமுடியில் சடை சேர்த்து, லடாக் வியாபாரியாக மாறி மறுபடி எல்லைக்குப் போனார்.

இம்முறை விட்டார்கள், ஒரு நிபந்தனையோடு. 'இந்த ஆண்டு லாசாவுக்குப் போக மாட்டேன். போனால் என் உயிரைக் கொடுக்கிறேன்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தார். பிறகு லடாக் வியாபாரிகளின் கூட்டத்தோடு சேர்ந்து, மாலையை உருட்டிக்கொண்டே நேராக லாசாவுக்குத்தான் நடந்தார். 1866 ஜனவரி 10 அன்று நகருக்குள் நுழைந்தார்.

கைப்பணம் கரைந்துகொண்டிருந்தது. கணக்கு வாத்தியார் வேலை கைகொடுத்தது. வழியில் நேபாளக் கடைக்காரர்களுக்கு வரவு செலவுக் கணக்கு எழுதச் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தார். லாசாவில் இரண்டு காஷ்மீரி முஸ்லிம் வியாபாரிகள் இவர் யார் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்கள் காட்டிக்கொடுக்கவில்லை. கடிகாரத்தை அடகாக வாங்கிக்கொண்டு கடனும் கொடுத்தார்கள்.

ஒருநாள் லாசா வீதியில், சீனர் ஒருவரைப் பலர் பார்க்கத் தலை வெட்டியதைக் கண்டார். அதே நகரின் தெருவில் இன்னொரு நாள் அவர் கண்ணில் பட்டவர் கீரோங் ஆளுநர்! 'லாசா போனால் உயிர் கொடுக்கிறேன்' என்று எழுதிக் கொடுத்தது அந்த எல்லையில்தான். நைன் சிங் உடனே ஜாகையை மாற்றினார். அதன்பின் வெளியே தலைகாட்டுவதைக் குறைத்துக்கொண்டார். ஏப்ரல் 21 அன்று லடாக் வியாபாரிகளோடு மேற்கே கிளம்பி, பிரம்மபுத்திராவின் மேல்பகுதியான சாங்போ ஆற்றை ஒட்டியே மானசரோவர் வரை வந்து, இந்தியா திரும்பினார்.

அளந்த தூரம் சுமார் 1,200 மைல். காலடிகள் கிட்டத்தட்ட 25 லட்சம். உலக வரைபடத்தில் லாசா முதன்முறையாகச் சரியான இடத்தில் உட்கார்ந்தது.

1867-ல் மேற்குத் திபெத்தின் தோக் ஜாலுங் தங்கச் சுரங்கங்களுக்குப் போனார். 16,000 அடிக்கு மேல், பள்ளம் தோண்டி அதில் கூடாரம் போட்டு வாழ்ந்த தொழிலாளிகள், முழங்காலையும் முழங்கையையும் ஊன்றிக் குனிந்த நிலையிலேயே தூங்கியதை எழுதி வைத்தார். 1874-ல் லே நகரிலிருந்து லாசா வழியாக, தவாங் தாண்டி, 1875 மார்ச்சில் அசாம் வந்து சேர்ந்தார். அத்துடன் உடம்பும் கண்பார்வையும் கெட்டுப்போயின.

அத்தனை காலமும் அரசு அறிக்கைகளில் அவர் பெயர் கிடையாது. 'பண்டிட்' என்று மட்டும் இருக்கும். உறவினர் கிஷன் சிங் வெறும் 'ஏ.கே.' ரகசியம் காக்கவே அப்படி. வேலை முடிந்த பிறகுதான் பெயர் வெளியே வந்தது. 1877-ல் லண்டன் ராயல் ஜியாகிரஃபிகல் சொசைட்டி தங்கப் பதக்கம் கொடுத்தது.

விலை கொடுத்தவர்கள் யார்?

இந்தக் கதையை வீரக் கதையாக மட்டும் சொல்லி முடித்துவிடலாம். முன்சியாரியில் நின்றபோது அப்படி முடிக்க மனம் வரவில்லை.

"அளக்கிறவனை எந்த ஊர்லயும் பிடிக்காதுப்பா" என்றார் சித்தப்பா. "நான் சங்கிலியோட போய் நின்னாலே பங்காளிங்க ரெண்டு பக்கமும் வந்து முறைச்சிட்டு நிப்பாங்க. அளந்தா அடுத்து என்னமோ நடக்கப் போகுதுன்னு அவங்களுக்குத் தெரியும். நானாவது சொல்லிட்டு அளந்தேன். இவரு சாமி கும்பிடுற மாதிரி அளந்திருக்காரு."

சாமி கும்பிடுபவரை யாரும் தடுக்க மாட்டார்கள் என்ற நல்ல வழக்கம்தான் நைன் சிங்குக்குத் திரை. தலைமுறை தலைமுறையாக வளர்ந்த வியாபார நட்புதான் அவருக்கு நுழைவுச் சீட்டு. அவர் கெட்ட மனிதர் இல்லை. பொறுப்பான குடும்பஸ்தர், நேர்மையான கணக்காளர். காலடி எண்ணிக்கையில் பொய் சொன்னதில்லை. ஆனால் தன்னை நம்பி உள்ளே விட்டவர்களிடம் பொய் சொல்வதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

அவர் தப்பினார். அவருக்குப் பின் வந்த சரத் சந்திர தாஸ் என்ற வங்காளிப் பள்ளி ஆசிரியரும் தப்பினார். 1879-லும் 1881-லும் திபெத் போன அவரை, தாஷில்ஹுன்போ மடத்தின் செங்சென் லாமா ஒரு அறிஞராக நம்பி உபசரித்தார். உண்மை பின்னால் வெளியானது. தாஸ் டார்ஜிலிங்கில் பத்திரமாக இருந்தார். லாமாவை 1887-ல் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். அவருக்கு உதவிய குடும்பமும் சிறைக்குப் போனது. கிப்ளிங்கின் 'கிம்' நாவலில் வரும் வங்காளி உளவாளிக்கு முன்மாதிரி தாஸ் என்பார்கள். லாமாவின் கதையை யாரும் நாவலாக எழுதியதாகத் தெரியவில்லை.

உளவுக்குப் போனவர்களிலும் எல்லாருக்கும் பதக்கம் கிடைக்கவில்லை. கின்துப் என்ற எழுத்தறியாத சிக்கிம்காரர் 1880-ல் ஒரு லாமாவுக்கு உதவியாளாக அனுப்பப்பட்டார். அந்த லாமா இவரை அடிமையாக விற்றுவிட்டு ஓடிவிட்டார். தப்பிப் பிழைத்த கின்துப், சாங்போவும் பிரம்மபுத்திராவும் ஒரே ஆறுதான் என்று நிரூபிக்க 500 மரக்கட்டைகளைக் குறியிட்டு ஆற்றில் விட்டார். அசாமில் அவற்றைப் பார்க்க யாரும் காத்திருக்கவில்லை. அவர் அனுப்பிய தகவல் உரியவருக்குப் போய்ச் சேரவே இல்லை. நான்கு ஆண்டு கழித்துத் திரும்பியபோது சொன்னதைப் பலர் நம்பவும் இல்லை. 30 ஆண்டு கழித்துத்தான் அவர் சொன்னது பெரும்பாலும் சரி என்று தெரிந்தது.

1904-ல் யங்ஹஸ்பண்ட் தலைமையில் பிரிட்டிஷ் படை துப்பாக்கிகளோடு லாசாவுக்குப் போனது. வழியில் குரு என்ற இடத்தில் நூற்றுக்கணக்கான திபெத்தியர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். 'வரைபடம் படைக்கு முன்னால் போகும்' என்ற திபெத்தியர்களின் பயம் வீண் பயமில்லை.

கதவு சாத்திய பிறகு

ஜோஹார் மக்களோ அத்தனைக்கும் பிறகும் திபெத்தோடு வியாபாரத்தைத் தொடர்ந்தார்கள். அரசுகளின் சண்டையைத் தாண்டி 'மித்ர' உறவு தாக்குப்பிடித்தது. அதை முறித்தது 1962 இந்திய–சீனப் போர். கணவாய்கள் மூடின. ஒரே ஆண்டில் ஒரு பள்ளத்தாக்கின் தொழிலே இல்லாமல் போனது. நூற்றுக்கணக்கான வீடுகளோடு இருந்த மிலம் மெல்ல மெல்லக் காலியானது. கோடையில் சில குடும்பங்கள் மட்டும் ஏறிப் போய் உருளைக்கிழங்கும் மூலிகையும் பயிரிட்டுவிட்டு இறங்குகின்றன. மற்ற வீடுகளில் கூரை விழுந்து கல்சுவர் மட்டும் நிற்கிறது.

முன்சியாரியை ஒட்டிய நான்சைன் கிராமத்தில் ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. ஷேர் சிங் பாங்தே என்ற பள்ளி ஆசிரியர் வீடு வீடாகப் பொருள் சேகரித்துத் தொடங்கியது. அவர் இப்போது இல்லை. அந்த நாளைய வியாபாரிகளின் பாத்திரங்கள், உடைகள், கம்பளிகள் என்று ஒரு வாழ்க்கையே அங்கே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்திலுள்ள தர்கோட் கிராமத்தில் பெண்கள் இன்னும் தறியில் சால்வையும் கம்பளமும் நெய்கிறார்கள். சித்திக்கு ஒரு சால்வை வாங்கினார் சித்தப்பா. விலை கேட்டுவிட்டுப் பேரம் பேசாமல் கொடுத்தது எனக்கு ஆச்சரியம். "இந்த ரோமத்துக்காக எத்தனை பேரு வேஷம் போட்டிருக்காங்க, பாத்தியா" என்றார்.

2004-ல் இந்திய அஞ்சல் துறை நைன் சிங்குக்குத் தபால்தலை வெளியிட்டது. அவர் அதற்குத் தகுதியானவர்தான். அவரை உள்ளே விட்டு, சோறு போட்டு, கடன் கொடுத்து, காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றியவர்களுக்குத் தபால்தலை இல்லை. அந்த இரண்டு காஷ்மீரி வியாபாரிகளின் பெயர்கூட நமக்குப் பழக்கமில்லை. நைன் சிங்கின் 25 லட்சம் காலடிகளும் அவர்களைப் போன்றவர்கள் வாய் திறக்காமல் இருந்ததால்தான் ஊர் வந்து சேர்ந்தன.

போக விரும்புகிறவர்களுக்கு

எப்படி: டெல்லியிலிருந்து காத்கோதாம் வரை ரயில். அங்கிருந்து பகிர்வு ஜீப் அல்லது வாடகை கார். ஒரே நாளில் போனால் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஆகும். வயதானவர்கள் அல்மோராவில் ஓர் இரவு தங்கிப் போவது நல்லது.

எப்போது: மார்ச் முதல் ஜூன் வரை, அல்லது செப்டம்பர் பிற்பகுதி முதல் நவம்பர் வரை. மழைக்காலத்தில் நிலச்சரிவு அதிகம். அப்போது வேண்டாம்.

உயரம்: முன்சியாரி சுமார் 2,200 மீட்டர். முதல் நாள் ஓய்வு எடுங்கள். இதய நோய், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மிலம்: நடந்து போக மூன்று, நான்கு நாள். எல்லைப் பகுதி என்பதால் முன்சியாரியில் அனுமதி வாங்க வேண்டும். வழியில் இந்தோ–திபெத் எல்லைக் காவல் படையினர் அடையாள அட்டை கேட்பார்கள். கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: அங்கே பெரியவர்கள் யாராவது திண்ணையில் உட்கார்ந்து மாலை உருட்டிக்கொண்டிருந்தால் குறுக்கே போய்ப் பேச்சுக் கொடுக்காதீர்கள். ஜபம் முடியும்வரை காத்திருப்பது அந்த மலையின் பழைய மரியாதை.